அட்டையில் ஒரு வரி

கட்டைவிரல் மடங்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது. கோழி ஆலையில் எலும்பு நீக்கும் வரிசையில் பத்தொன்பது வருடம் கத்தி பிடித்த கை வேறு எப்படி இருக்கும். ஷிப்டு முடிந்ததும் இடது கையால் கார்ச் சாவியைத் திருகி, ஹீட்டர் காற்றில் வலது கட்டைவிரலைக் காட்டிக்கொண்டு உட்காருவேன். டக்கென்று ஒரு சத்தத்தோடு அது விடுபட்ட பிறகுதான் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியும். மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அதற்கு இருபது நிமிடம் ஆனது. அதனால் சர்ச்சின் கீழ்த்தளத்தில் நடந்த கூட்டத்துக்குத் தாமதமாகப் போனேன்.

எங்கள் ஊர்ப் போர்வைச் சங்கத்தில் பதினோரு பெண்கள். ஏப்ரலில் கென்டக்கியில் ஆற்றங்கரை நகரம் ஒன்றில் நடக்கும் பெரிய கண்காட்சிக்கு எட்டுப் பேர் போவதாக முடிவாகியிருந்தது. எங்கள் அர்க்கன்சா மலைகளிலிருந்து வேனில் ஏழு மணி நேரம். ஒட்டுப்போர்வை தைக்கிறவர்களுக்கு அது திருவிழா. எங்களில் ஒருத்தியும் அதுவரை அங்கே போனதில்லை. மாவட்டச் சந்தையில் முயல் கூண்டுகளுக்குப் பக்கத்தில் எங்கள் போர்வைகள் தொங்கியதுதான் நாங்கள் பார்த்த பெரிய கண்காட்சி.

நான் உள்ளே நுழைந்தபோது ஓபல் ஸ்டைல்ஸ் கரும்பலகை முன்னால் நின்றிருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். சர்ச் வேனை ஓட்டப்போவதும் அவள்தான். அவள் வகுத்திருந்த திட்டத்தைப் பார்த்தால் ராணுவம் கிளம்புகிறது என்று நினைப்பீர்கள். அறைக்கு நாலு பேர். குறட்டை விடுகிறவர்கள் எல்லாரும் ஒரே அறையில், மற்றவர்கள் இன்னொரு அறையில். கண்காட்சியில் சிமெண்டுத் தரை, நாள் முழுக்க நடை, அதனால் ஆளுக்கு இரண்டு ஜோடிச் செருப்பு. ஐஸ் பெட்டியில் சீஸ் சாண்ட்விச். ஒவ்வொருத்தியும் பெரிய பெட்டிக்குள் ஒரு சின்னப் பெட்டியைக் காலியாக வைத்து எடுத்துவர வேண்டும். திரும்பும்போது இரண்டிலும் துணி நிரம்பியிருக்கும். புருஷன் கேட்டால் சின்னப் பெட்டியை மட்டும் காட்ட வேண்டும். இதற்கு எல்லாரும் கை தூக்கி வாக்களித்தார்கள்.

நான் என் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். இந்த மூன்று நாளுக்காக நான் கிறிஸ்துமஸ் வாரத்தை விட்டுக்கொடுத்திருந்தேன். எங்கள் ஆலையில் விடுப்பு என்பது பலகையில் பெயர் எழுதிப் பிடிப்பது. ஏப்ரல் வேண்டுமென்றால் டிசம்பரை இன்னொருத்தியிடம் கொடுக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை ஐந்து மணிக்குக் குளிர் அறையில் நின்று கோழித் தோளை வெட்டியபோதுகூட எனக்கு வருத்தமில்லை. ஏனென்றால் அந்தக் கண்காட்சியில் தொங்கப்போகும் ஒரு போர்வையில் என் பதினாலு மாதம் இருந்தது.

அந்தப் போர்வை கோரீன் பிராட்வெல்லின் பெயரில் தேர்வாகியிருந்தது. கோரீன் சங்கத்தின் தலைவி. பல் டாக்டரின் விதவை. தையலுக்கென்றே தனி அறையும், நிறவாரியாக அடுக்கிய துணியும் வைத்திருப்பவள். ஒட்டுப்போர்வையில் இரண்டு வேலை உண்டு. துண்டுகளை வெட்டி ஒட்டி மேல்துணியைச் செய்வது ஒன்று. அந்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி மூன்றையும் சேர்த்து முழுப் பரப்பிலும் ஓட்டுத்தையல் போடுவது இன்னொன்று. கோரீன் மேல்துணியை மெஷினில் செய்தாள், மூன்று வாரத்தில். அழகான வேலைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். நடுவே பழுப்பும் செம்மையுமாக நட்சத்திரங்கள், சுற்றிலும் அகலமான கருநீலக் கரை. ஓட்டுத்தையலை நான் கையால் போட்டேன். ஆலையிலிருந்து வந்து, விரலை வெந்நீரில் ஊறவைத்து, ஊசி குத்தாமலிருக்க விரலில் அங்குஸ்தானை மாட்டிக்கொண்டு, ஒரு அங்குலத்துக்குப் பத்துத் தையல்.

இதற்குக் கூலி பேசவில்லை. சங்கத்தில் யாரும் பேச மாட்டார்கள். பேசியது வேறு. இதே கீழ்த்தளத்தில், ஓபல் காபி ஊற்றிக்கொண்டிருக்கும்போது கோரீன் சொன்னாள்: நீ தைத்துக் கொடு, ரெண்டு பேர் பெயரிலும் அனுப்புவோம், தேர்வானால் பக்கத்தில் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வோம். பெரிய கண்காட்சிகளின் படிவத்தில் மேல்துணி செய்தவர் யார், ஓட்டுத்தையல் போட்டவர் யார் என்று இரண்டு வரி தனித்தனியாக இருக்கும். போர்வைக்குப் பக்கத்தில் தொங்கும் அட்டையிலும் அப்படியே இரண்டு பெயர் வரும். இது ஊசி பிடித்த எல்லாருக்கும் தெரியும்.

கூட்டம் முடிந்ததும் கோரீன் பெரிய துணிப்பை ஒன்றை என் மடியில் வைத்தாள். போர்வையின் பின்பக்கம் மேலே கம்பு நுழைக்க ஒரு உறையும், கீழ் மூலையில் பெயர்த்துணியும் தைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை தபாலில் போக வேண்டும் என்றாள். "உன் தையல் முன்னாடி தெரியவே தெரியாது, கண்ணு. அதான் உங்கிட்ட குடுக்குறேன்." பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் என் புருஷன் வெண்டல் சோபாவில் படுத்திருந்தான். மரம் வெட்டுகிற வேலையில் முதுகு போனதிலிருந்து அவனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. நான் போர்வையைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, பையைக் கவிழ்த்தேன். உறைத் துணி, அச்சடித்த பெயர்த்துணி, படிவத்தின் நகல். வெண்டல் பெயர்த்துணியை எடுத்து விளக்கில் காட்டிப் படித்தான். வடிவமைத்துச் செய்தவர், கோரீன் பிராட்வெல். அவ்வளவுதான் இருந்தது.

"உன் பேரு பின்னாடி இருக்கோ?" என்று திருப்பிப் பார்த்தான். பின்னால் துணிதான் இருந்தது.

நான் படிவத்தை எடுத்தேன். மேல்துணி செய்தவர் என்ற வரியில் அவள் பெயர். ஓட்டுத்தையல் போட்டவர் என்ற வரியில், அவளுடைய வட்ட வட்டமான கையெழுத்தில், 'நானே'. கையா மெஷினா என்ற கேள்விக்குக் 'கை' என்ற கட்டத்தில் டிக். கோரீனின் விரலில் அங்குஸ்தானை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. சட்டைப் பொத்தான் தைக்கவே மெஷினுக்கு ஒரு பாகம் வாங்கி வைத்திருக்கிறவள்.

வெண்டல் படுத்தபடியே சொன்னான். "நான் முப்பது வருஷம் மரம் வெட்டுனேன். பலகையில எவனும் என் பேர எழுதல. ஆனா எழுதுறதுக்குக் கோடு போட்டு வச்சிட்டு, அதுல வேற எவனும் கையெழுத்துப் போடவும் இல்ல."

அன்று நான் ஊசியைத் தொடவில்லை.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் படிவத்தில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். என் பெயரை எழுத்துக்கூட்டிக்கூடக் கேட்டாள். ஆனால் விண்ணப்பித்தவர் சொன்னால்தான் மாற்ற முடியும். வியாழன் மதியம் பன்னிரண்டு மணிக்கு அட்டைகள் அச்சுக்குப் போகின்றன, அதுவரை நேரம் இருக்கிறது, உங்கள் தோழியை ஒரே ஒரு போன் போடச் சொல்லுங்கள் என்றாள். மறதியில் விட்டுப்போவது சகஜம் என்று ஆறுதல் வேறு. மறதி இல்லை, அம்மா, 'நானே' என்று எழுதியிருக்கிறாள் என்று சொல்ல வாய்வரை வந்தது. மேற்பார்வையாளன் கையைக் காட்டினான். போனை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தேன். அன்று மதியம் வெட்டிய கோழிகளுக்கு என் கோபத்தில் பங்கு கிடைத்திருக்கும்.

ஷிப்டு முடிந்து ரப்பர் பூட்ஸோடு கோரீன் வீட்டுக்குப் போனேன். பூட்ஸைப் பார்த்ததும் அவள் வாசலில் பழைய செய்தித்தாளை விரித்தாள். அதன்மேல் நின்றுகொண்டுதான் பேசினேன்.

முதலில் அவள் சிரித்தாள். படிவத்தில் இடம் சின்னதாக இருந்தது என்றாள். இரண்டு வரி இருந்ததே என்றேன். பிறகு நிஜக் காரணம் வந்தது: கைவேலைப் பிரிவில் ஒரே ஆள் முழுக்கச் செய்ததற்குத் தனிப் பரிசு, இரண்டு பெயர் போட்டால் கூட்டு வேலைப் பிரிவுக்குப் போய்விடும், அங்கே போட்டி அதிகம். நம் சங்கத்துக்குப் பெருமை வரட்டும் என்றுதான் செய்தேன், எனக்காகவா செய்தேன் என்றாள்.

"சங்கத்துக்குன்னா என் பேர் மட்டும் போட்டிருக்கலாமே, மிஸ் கோரீன்," என்றேன்.

அவள் முகம் இறுகியது. "வடிவம் யாருது? நிறம் யாரு தேர்ந்தெடுத்தா? எங்க வீட்டுக்காரர் பல்லு கட்டுவார். பக்கத்துல நர்ஸ் நிப்பா. அந்தப் பல்லுல நர்ஸ் பேரையா போடுவாங்க?"

"நர்ஸ் பதினாலு மாசம் வாய்க்குள்ள கைய விட்டுக்கிட்டு நின்னிருந்தா, போடத்தான் வேணும்."

அவள் சமாதானத்துக்கு இறங்கினாள். பெயர்த்துணியில் கீழே சின்ன எழுத்தில் 'தோழிகளின் உதவியோடு' என்று சேர்ப்பாளாம். தோழிகள். என் கையை எடுத்துப் பத்துப் பேருக்குப் பங்கு வைத்த மாதிரி. நாளை மதியம் வரை நேரம் இருக்கிறது, ஒரே ஒரு போன், நம்பர் இதோ என்று சீட்டை மேசையில் வைத்தேன். அவள் அதைப் பார்க்கவில்லை. இதையெல்லாம் பெரிசு பண்ணினால் மூன்று நாள் ஒரே வேனில் எப்படிப் போவது, மற்றவர்களுக்குப் பயணம் கெட்டுப்போகாதா, யோசித்துப் பார் என்றாள். கெடுத்தது நான் என்று ஆகிவிட்டது பாருங்கள்.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும். கோபம் விடவில்லை.

"எழுதலேன்னா போங்க. என் பேரு ஏற்கெனவே அதுல இருக்கு. கீழ இடது மூலை, கரையில இறகு மாதிரி தைச்ச வளையம் இருக்குல்ல, அதுக்குள்ள கருநீல நூல்லயே ரெண்டு எழுத்து தைச்சிருக்கேன். பக்கவாட்டுல வெளிச்சம் விழுந்தா தெரியும். கண்காட்சியில விளக்கு எல்லாம் பக்கவாட்டுலதான் போடுவாங்க."

எல்லாப் போர்வையிலும் நான் அப்படித் தைப்பதுண்டு. ஊசி பிடிக்கிறவர்கள் பலரும் செய்வதுதான். ஓவியன் மூலையில் கையெழுத்துப் போடுவது மாதிரி. கோரீனுக்கு அது தெரியாது. ஏன் தெரியப்போகிறது, கையால் தைத்திருந்தால் அல்லவா.

நான் காரிலிருந்து போர்வையைக் கொண்டுவந்து, உறை தைக்காமல் அவள் மேசையில் வைத்தேன். எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. துணி அவளுடையது. நான் திருடி இல்லை. அந்த வீட்டில் திருடி என்றால் அது ஒருத்திதான்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வரிசையில் நின்றுகொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு ஒன்று ஆனது. மறுபடியும் அந்த நம்பருக்குப் போன் செய்தபோது, வருந்துகிறோம், மாற்றம் எதுவும் வரவில்லை என்றார்கள்.

சனிக்கிழமை கூடுதல் ஷிப்டு முடிந்து வெளியே வந்தால், ஆலை வாகன நிறுத்துமிடத்தில் என் காருக்குப் பக்கத்தில் ஓபல் நிற்கிறாள். கோட்டுப் பைக்குள் இரண்டு கையும். கெட்ட செய்தியோடு வந்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். காருக்குள் உட்காரவைத்து, ஹீட்டரில் விரலைக் காட்டிக்கொண்டே கேட்டேன்.

போர்வை வெள்ளிக்கிழமை போய்விட்டதாம். கம்பு உறையைத் தைத்தது ஓபல். கோரீன் கூப்பிட்டு அழுதாளாம், சங்கத்தின் மானம் போய்விடும் என்றாளாம், இவள் போய்த் தைத்துக்கொடுத்துவிட்டாள். தைக்கும்போது போர்வையைத் திருப்பியிருக்கிறாள். கீழ் இடது மூலையில், இறகு வளையத்துக்குள், உள்ளங்கை அளவுக்கு என் தையலைப் பிரித்திருக்கிறாள் கோரீன். இரண்டு எழுத்தும் இல்லை. அந்த இடத்தை அவளே ஊசி பிடித்து நிரப்பியிருக்கிறாளாம்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

ஓபல் யோசித்தாள். "சேத்துல கோழி நடந்த மாதிரி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாலு மாதத்தில் அந்த வளையத்துக்கு மட்டும் ஒன்பது நாள். ஒரு விஷயம் கோரீனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சாதாரணப் பருத்தியில் தையலைப் பிரித்தால் தண்ணீர் தெளித்து நகத்தால் தேய்த்தால் ஊசித் துளை மூடிக்கொள்ளும். அந்தக் கருநீலக் கரை இறுக்கமாக நெய்த துணி. அதில் துளை விழுந்தால் விழுந்ததுதான். பிரித்த இடத்தில் என் எழுத்துகள் இரண்டும் துளை துளையாக இருக்கும், முன்னாலும் பின்னாலும்.

அதைக் கேட்டேன். ஓபல் ஆமாம் என்று தலையாட்டினாள். பின்பக்கம் நன்றாகவே தெரிகிறதாம்.

பிறகு வந்த வேலையைச் சொன்னாள். "வேன்ல உன் இடம் அப்படியேதான் இருக்குடி. பழசைப் பேசாம வரச் சொன்னா கோரீன். குறட்டை இல்லாத அறை."

"ஓபல், அன்னிக்கு நீ காபி ஊத்திக்கிட்டு இருந்தல்ல?"

"இருந்தேன்."

"என்ன சொன்னா?"

"ரெண்டு பேரு பேரும்னு சொன்னா."

"அத அவகிட்ட சொன்னியா?"

அவள் காலடியில் கிடந்த காகிதக் கோப்பையைப் பார்த்தாள். "நான் இந்த ஊர்ல இருக்கணும், நெல்டா."

"நான் எங்கடி இருக்கேன்? நிலாவுலயா?"

இறங்கும்போது சாண்ட்விச் கணக்கில் என்னைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மட்டும் கேட்டாள். இருபது வருடப் பழக்கம் அந்த இடத்தில் வந்து நின்றது. வேண்டாம் என்றேன்.

சங்கத்தில் இப்போது நான்தான் கெட்டவள். ஞாயிறு சர்ச்சில் என் பெஞ்சில் மூன்று பேருக்கு இடம் காலி. பொறாமை என்று ஒருத்தி சொன்னாளாம். ஆலைக்காரிக்குக் கண்காட்சியில் என்ன பெயர் வேண்டியிருக்கிறது என்று இன்னொருத்தி. ஒரு தையலைக்கூட ஒழுங்காக முடிச்சுப் போடத் தெரியாமல் வந்தவள் அவள். முடிச்சுப் போட நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

விடுப்புப் பலகையில் என் பெயர் இன்னும் இருக்கிறது. கிறிஸ்துமஸைக் கொடுத்து வாங்கிய மூன்று நாள். அதை யாருக்கும் திருப்பித் தர மாட்டேன். ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் ஓபல் எல்லாருக்கும் நகல் கொடுத்திருந்த திட்டத்தாளைப் புரட்டிப் போட்டு, பின்பக்கம் எங்கள் திட்டத்தை எழுதினோம், நானும் வெண்டலும். எங்கள் பழைய பிக்கப் வண்டி. புதன் ஷிப்டு முடிந்ததும் கிளம்புவது. மணிக்கு ஒரு தடவை நிறுத்தி அவன் பின்தட்டில் முதுகை நீட்டிப் படுக்க வேண்டும், அதனால் ஏழு மணி நேரம் பத்தாகும். பின்தட்டில் பழைய மெத்தை. எனக்கு இரண்டு ஜோடிச் செருப்பு. குறட்டைக்குத் தனி அறை கிடையாது; அவனுக்கு நான், எனக்கு அவன்.

"போர்வைக்கெல்லாம் பத்து மணி நேரம் போற ஆளு உலகத்துல இருக்காங்களா?" என்று கேட்டான்.

"நீ மானுக்காக மூணு நாள் மரத்து மேல உக்காந்தியே."

"மானத் தின்னலாம்."

கொஞ்ச நேரம் கழித்து, அங்கே போய் என்ன செய்யப்போகிறாய் என்றான். கண்காட்சிக்காரர்கள் அனுப்பிய சிறுபுத்தகத்தை நான் வரிவரியாகப் படித்து வைத்திருந்தேன். போர்வையைத் தொடக் கூடாது. ஆனால் வெள்ளைக் கையுறை போட்ட பெண்கள் அங்கங்கே நிற்பார்கள். கேட்டால் மூலையைத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டுவார்கள். நான் கோரீனின் போர்வைக்கு முன்னால் போய் நின்று, கீழ் இடது மூலையைக் காட்டச் சொல்வேன். கத்த மாட்டேன். ஒரு அங்குலத்துக்குப் பத்துத் தையலும், அதன் நடுவே கோரீனின் நாலு தையலும், துளைகளும். கையுறைக்காரிக்கு ஊசி பிடிக்கத் தெரிந்திருந்தால் அவளே என்னைத் திரும்பிப் பார்ப்பாள். தெரியாவிட்டால் அடுத்தவளைக் கூப்பிடுவேன். மூன்று நாள் இருக்கிறது.

அந்த நேரத்தில் கோரீன் அங்கே நின்றால்? நிற்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வோம் என்று சொன்னவள் அவள்தானே.

பரிசு அவளுக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ, எனக்குத் தெரியாது, எனக்கு அது வேண்டாம். மேல்துணி அவளுடையது, துணி அவளுடையது, நட்சத்திரம் அவளுடையது. அதில் ஒரு நூலும் நான் கேட்கவில்லை. அவள் எனக்குத் தர வேண்டியது அந்த அட்டையில் ஒரு வரி: ஓட்டுத்தையல், நெல்டா டாக்கெட். இன்றுவரை தரவில்லை.